மண்பெட்டிக் காளை

கிட்டுசாமி தன் மச்சான் நஞ்சப்பனுக்குத் தர வேண்டியிருந்த பணம் நாற்பத்தோராயிரத்து அறுநூறு டாலர். அதை அடுத்த மாசம் தந்துவிடுவதாக அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும், அவர் வீட்டுக்குப் பின்னால் நின்ற மண்பெட்டியில் வரைந்திருந்த காளை வெளியே வந்து, அவருக்கு ஆகப் பக்கத்தில் நின்ற ஆளைக் குத்திவிட்டுப் பழையபடி பெட்டிக்குள் போய்விடும். அவரை ஒன்றும் செய்யாது. டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கிலும் சுற்றுப்பக்கத்திலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். விருந்துக்குக் கூடினால், பிரியாணி அடுப்பு விலையும் வீட்டு வரியும் பேசுகிற மாதிரி இதையும் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு பேரும் காங்கேயம் பக்கத்துக்காரர்கள். நஞ்சப்பனின் தங்கை புஷ்பவல்லியைத்தான் கிட்டுசாமி கட்டியிருந்தார். ரவுண்ட் ராக்கிலிருந்து வடக்கே போகிற ரோட்டில், ஊர் எல்லை முடிந்ததும் பன்னிரண்டு ஏக்கர் மேட்டுநிலம் ஒன்று விலைக்கு வந்தது. மேலே ஒரு சாண் மண், அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கடப்பாரை போட்டால் கல் அதிராது, தோள்பட்டைதான் அதிரும். நடுவில் வேலி இல்லாமல் இரண்டு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று சரிபாதியாகப் பேசி வாங்கினார்கள். கிரயம் முடிகிற வாரத்தில் கிட்டுசாமிக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை போயிற்று. அவர் பங்கில் குறைந்த பணத்தை நஞ்சப்பன் போட்டார். தங்கை புருசனிடம் எழுதி வாங்குவது முறையில்லை என்று ஒரு தாளும் போடவில்லை. கிட்டுசாமி பழைய டிரெய்லர் வீடு ஒன்றை மேட்டில் இழுத்து வந்து நிறுத்தி, மனைவியோடும் மகள் வெண்பாவோடும் குடியேறினார். நஞ்சப்பன் ஊருக்குள் இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டார்.

டெக்சஸ் முழுக்கக் கரண்ட் போய் ஜனங்கள் நாற்காலியை உடைத்து எரித்துக் குளிர் காய்ந்த அந்தப் பிப்ரவரியில், மேட்டுக்கு அடியில் ஓடிய தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஊறிய பாறை இரவோடு இரவாக உறைந்து, காலையில் பனங்காய் மாதிரி பிளந்து கிடந்தது. பிளவுக்குள் ஒரு சரிவுப் பாதை இறங்கியது. பாறையைக் குடைந்து வெட்டியது, இரண்டு பக்கமும் மட்டம் பார்த்துச் செதுக்கிய சுவர், முடிவில் கதவு மாதிரி ஒரே கல். அந்தக் கல்லை நெம்ப கிட்டுசாமிக்கு ஒரு நாள் பிடித்தது. உள்ளே அறை. அறைக்குள் சுட்ட மண்ணால் செய்த பெட்டிகள். சிலதுக்கு நான்கு கட்டைக் காலும் ஓட்டுக்கூரை மாதிரி சரிந்த மூடியும் இருந்தன. சிலது குளிக்கிற தொட்டி மாதிரி. ஒன்றைத் தூக்க நான்கு ஆள் வேண்டும், ஆறு ஆள் என்றால் முதுகு தப்பிக்கும். எல்லாவற்றிலும் சித்திரம். எட்டுக் கையும் சுருண்ட கடல் பிராணி, மீன், கழுத்து நீண்ட பறவை, இரண்டு பக்கமும் வாய் வைத்த கோடாலி. ஒவ்வொன்றுக்குள்ளும் முழங்காலைத் தாடையோடு ஒட்டி மடக்கி வைத்த எலும்பு. மேட்டைச் சுற்றி இன்னும் இதே மாதிரிக் கதவுகள் இருந்தன. அது ஒரு முழு இடுகாடு.

யுனிவர்சிட்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு தவழ்ந்து பார்த்த அம்மாள் ஒருவர் உட்கார்ந்து அழுதார். இது கிரீட் என்ற தீவில் மூவாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தி வாழ்ந்தவர்கள் புதைத்த முறை, பெட்டி சரி, சாயம் சரி, மடக்கிய விதம் சரி, இடம்தான் தவறு, இது இங்கே இருக்க முடியாது என்றார்கள். எடுத்த போட்டோவையெல்லாம் திறந்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் கடல்தான் இருந்தது. அலையும் வெயிலும் தவிர வேறு ஒன்றும் விழவில்லை. போட்டோ இல்லாததால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாததால் தடையும் இல்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

எலும்புகளைப் புஷ்பவல்லி சும்மா விடவில்லை. யார் வீட்டு மனிதரோ என்று எல்லாவற்றையும் புது வேட்டியில் சேர்த்துக் கட்டி, பால் தெளித்து, சூடம் காட்டி, உள்ளறையில் ஒரு மூலையில் வைத்துக் கல்லை மூடச் செய்தார். அதோடு அந்தக் காரியம் முடிந்தது என்று நினைத்தார்கள். வெளியே இழுத்துப் போட்ட பெட்டிகள் மிஞ்சின.

அந்தப் பனியில் அந்த வட்டாரத்துக் கறிவேப்பிலைச் செடி அத்தனையும் கருகிப் போயிருந்தது. பத்து வருசமாகக் குளிருக்கு வீட்டுக்குள் தூக்கி, வெயிலுக்கு வெளியில் தூக்கி, பிள்ளை மாதிரி வளர்த்தவர்கள் துக்க வீடு மாதிரி போனில் விசாரித்துக்கொண்டார்கள். நஞ்சப்பன் வேலையாக சான் ஹோசே போனவர், அங்கே ஒரு வீட்டில் கன்று ஒன்று வாங்கி, மாநில எல்லையில் செடி கொடி பிடுங்குகிறவன் கண்ணில் படாமல் பாய்க்குள் சுருட்டி, காரிலேயே டெக்சஸ் வரை கொண்டுவந்து தங்கை கையில் கொடுத்தார். பிறந்த வீட்டுச் செடி என்று புஷ்பவல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல தொட்டியில் வைக்க வேண்டும் என்றார். கிட்டுசாமி மண்பெட்டி ஒன்றின் மூடியைக் கழற்றி உள்ளே குனிந்து பார்த்தார். அடியில் வரிசையாக ஓட்டை இருந்தது.

வெண்பா ஹைஸ்கூல் பிள்ளை. வீட்டில் தமிழ் கேட்பாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

"அப்பா, தட்ஸ் எ காஃபின். டெட் பாடி வச்சது."

"பொணம் வெக்கறதுக்கு எதுக்கு கண்ணு அடியில ஓட்டை? தண்ணி வடியறதுக்கு வெச்சிருக்கறாங்க. இது தொட்டி. செஞ்சவன் வெவரமானவன்."

"வாட்டர் ஃப்ரம் த பாடி, அப்பா. லீக்ஸ்."

"உவ்வே," என்றார் கிட்டுசாமி. ஆனால் ஓட்டை சரியான அளவில், சரியான இடத்தில் இருந்தது. கன்றை அதிலேயே வைத்தார்கள்.

அந்தப் பெட்டியில்தான் காளை இருந்தது. செங்காவி நிறம். கண் சாப்பாட்டுத் தட்டு அகலம். தோளில் ஈட்டி குத்தி நின்றது, வயிற்றில் இன்னொன்று. எதிரே ஈட்டி எறிந்த ஆள், இடுப்பு சிறுத்து, முகத்தில் மூக்கும் வாயும் இல்லாமல் நின்றான். காங்கேயத்துக்காரர் என்பதால் கிட்டுசாமி காளையைச் சுற்றி வந்து பார்த்து, திமில் இல்லை, தாடை தொங்கவில்லை, இருந்தாலும் கொம்பு நல்ல கொம்பு என்று மதிப்புப் போட்டார்.

கன்று மூன்றே மாதத்தில் ஆள் உயரம் வந்தது. ஒடித்த இடத்தில் மறுநாள் துளிர்த்தது. மற்றப் பெட்டிகளில் வைத்த பக்கக் கன்றுகளும் அப்படியே. டாலஸிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் காரில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேட்டு ரோட்டில் வண்டி நிற்க இடமிருக்காது. வந்த பணத்தில் கிட்டுசாமி போர் போட்டார், கம்பிவேலி அடித்தார், பெரிய டிரக் ஒன்று வாங்கினார். மச்சானுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நெஞ்சில் கள்ளம் இருந்ததா என்றால், முதல் வருசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கையில் காசு வந்ததும் அடுத்த செலவு வாசலில் நின்றது, அவ்வளவுதான்.

நஞ்சப்பன் ஒரு வருசம் கேட்கவில்லை. மகன் ஆர்யனுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டிய கோடையில்தான் வந்தார். சனிக்கிழமை காலை. கன்று வாங்க வந்த ஜெபதாஸ், நாகர்கோவில்காரர், சர்ச்சில் கணக்குப் பார்க்கிறவர், கிட்டுசாமியிடம் விலை குறைத்துக் கேட்டபடி பக்கத்தில் நின்றார். நஞ்சப்பன் செருமிக்கொண்டு, அந்த விசயத்தைக் கொஞ்சம் பாருங்க மாப்ள என்று மரியாதையாகக் கேட்டார்.

"அதுக்கென்னங் மச்சான். அடுத்த மாசம் தந்தர்றன்."

பெட்டியின் பக்கச் சுவரிலிருந்து முதலில் கொம்பு வந்தது, பிறகு தலை, பிறகு மீதி. தோளில் ஈட்டி குத்தியபடியே வந்தது. குளம்படியில் சத்தம் இல்லை, செம்மண் தூசி மட்டும் கிளம்பியது. கிட்டுசாமியைச் சுற்றிப் போய் ஜெபதாஸின் தொடையில் கொம்பைச் செருகி, தூக்கி, வேலியில் அடித்தது. தொடை தோல் பிரிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. காளை திரும்பி நடந்து சுவருக்குள் ஏறி நின்றுகொண்டது. முன்னங்கால் மட்டும் முன்பு இருந்ததைவிடச் சற்று மடங்கி இருந்தது. ஜெபதாஸ் மயங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க ரெண்டு பேரு கணக்குக்கும் எனக்கும் என்னவே சம்பந்தம்?"

ஆஸ்பத்திரியில் காயத்திலிருந்து கைப்பிடி செங்காவிப் பொடி எடுத்தார்கள். பெரிய மிருகம் தாக்கியது என்று எழுதிக்கொண்டார்கள். கவுண்டி ஆபீஸிலிருந்து மிருகம் பிடிக்கிற ஆள் வந்து மேடு முழுக்கத் தேடினார். சித்திரத்தைத் தவிர மாடு ஒன்றும் அகப்படவில்லை. சித்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். கிட்டுசாமி போட்டார். இரண்டாம் தடவை காளை அந்த வேலியையும் சேர்த்துக் கொம்பில் எடுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு பம்பு பழுது பார்க்க வந்தவனுக்கு விலா எலும்பு நான்கு போயிற்று. மாட்டுப் பொங்கலுக்குப் புஷ்பவல்லி சித்திரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துப் பொங்கல் படைத்தார். அந்த மாதம் யாரும் கேட்கவில்லை, காளையும் வரவில்லை. பிறகு ஒரு நாள் கிட்டுசாமி சம்மட்டி எடுத்து உடைக்கப் பார்த்தார். மூன்றாவது அடியில் சம்மட்டித் தலை இரண்டாகப் பிளந்தது, பெட்டியில் கீறல் விழவில்லை. ரவுண்ட் ராக் வீடுகளில் அடுத்த மாசம் என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டால், முப்பது நாள் கழித்து என்றார்கள்.

கிட்டுசாமி பணத்தைக் கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில், மாட்டுக்காரன் புத்தி, காளைக்கு மூக்கணாங்கயிறு போட நினைத்தார். கடையில் வெயிலுக்கும் மழைக்கும் போகாத கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, சித்திரத்தின் மூக்கைத் துளைத்த மாதிரி ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கழுத்தைச் சுற்றி, இரண்டு முழம் கீழே தொங்குகிற மாதிரி கயிறு வரைந்தார். முறுக்கு விழுந்த கயிறு, நுனியில் முடிச்சோடு. நன்றாகவே வரைந்திருந்தார். மூக்கில் கயிறு விழுந்த மாடு சொன்னபடி கேட்கும் என்று வெண்பாவிடம் விளக்கினார். அவள், ஜஸ்ட் பே மாமா, அப்பா, என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்குப் போனாள்.

யாரைக் குத்தும் என்கிற கணக்கு அதற்குள் கிட்டுசாமிக்குப் பிடிபட்டிருந்தது. நஞ்சப்பனும் புரிந்துகொண்டார். ஆனால் கிட்டுசாமி முந்திக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சானைச் சாப்பிடக் கூப்பிட்டார். பின்பக்கம் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு, தோளில் கை போட்டு உட்கார வைத்தார். புஷ்பவல்லி கோழிக் குழம்புச் சட்டியோடு கதவைத் திறந்தபோது, புருசன் அண்ணன் காதருகில் குனிந்து, தாலாட்டுகிற மாதிரி மெதுவாக, அடுத்த மாசம் கட்டாயங் மச்சான் என்று சொல்வதைக் கேட்டார்.

நஞ்சப்பனுக்கு எழக்கூட நேரம் இல்லை. கொம்பு தொப்புளுக்குப் பக்கத்தில் இறங்கி விலா வரை கிழித்தது. நாற்காலியோடு தூக்கி மூன்று தடவை தரையில் அடித்தது. மூக்கில் தொங்கிய கயிறு இரத்தத்தில் நனைந்து, தரையில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை புஷ்பவல்லி அண்ணனின் குடலை முந்தானையில் ஏந்தி, மண் படாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டி கவிழ்ந்து குழம்பும் இரத்தமும் ஒரே குட்டையாக நின்றது. ஆஸ்பத்திரியில் குடலில் ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டு, மலம் இறங்க இடுப்பில் பை மாட்டி அனுப்பினார்கள்.

"எங்கண்ணன் கொடல இந்தக் கையில புடிச்சிருக்கறேன்," என்று புஷ்பவல்லி புருசனிடம் சொன்னார். "இனி உங்ககூடப் பேச்சில்லீங்." அன்றிலிருந்து சோறு போட்டார், பேசவில்லை. தன் கழுத்திலும் கையிலும் கிடந்த நகை அத்தனையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். கடனுக்குச் சரியாக இருக்கும், இத்தோடு விட்டுவிடுங்க, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தூக்கிப் போட்டுட்டு நான் இருக்க மாட்டேன் என்று கேட்டார். நஞ்சப்பன் பையைப் பிரிக்கவில்லை. அது பிறந்த வீடு போட்ட நகை. போட்ட சீரைத் திருப்பி வாங்கினால் மனுசனா என்றார். வாங்கினால் அவன் வாயால் சொல்லி, அவன் கையால் வாங்குவேன் என்றார். இடுப்புப் பையைத் தொட்டுக் காட்டினார். புஷ்பவல்லி நகையைத் திருப்பி எடுத்துவந்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு வேலையாயிற்று. அண்ணன் கார் ரோட்டில் தெரிந்தால் புருசனை டிரக்கில் ஏற்றி அனுப்புவார். கோயில் விசேசத்துக்கு ஒருவர் காலையில் போனால் இன்னொருவர் மாலையில். ஒன்றரை வருசம் அப்படியே ஓட்டிவிட்டார்.

பிறகு ஒரு நாள் மளிகைக்குப் போனவருக்கு ஃப்ரீவேயில் விபத்து நெரிசலில் நேரமாகிவிட்டது. அந்த நேரத்தில் நஞ்சப்பன் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கமே காரை நிறுத்தி, இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. கிட்டுசாமி கறிவேப்பிலை மரத்தடியில் நின்றார். அவரை ஒட்டி வெண்பா ஹோஸ் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் அவளுக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். வலித்து அவள் கடித்த தழும்பு அவர் கட்டைவிரலில் இன்னும் இருந்தது. அந்த விரலும் சேர்ந்துதான் கம்பியைப் பிடித்திருந்தது.

"எப்ப மாப்ள குடுக்கறீங்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

கிட்டுசாமி மகளைப் பார்த்தார். வீட்டுக்குள் ஓடு என்றார். அவளுக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது, ஹோஸைக் கீழே போட்டாள். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மண்பெட்டியின் பக்கச் சுவர் மூச்சு விடுகிற மாதிரி உப்பி அடங்கியது.

"வாயத் தொறந்து சொல்லுங். எப்ப?"

"மாமா, ப்ளீஸ்," என்றாள் வெண்பா. அதற்கு மேல் அவளுக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் வந்தது. "மாமா, கேக்காதீங்க மாமா. நான் இங்க நிக்கறேன் மாமா."

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கேட்டதைத் திருப்பி எடுக்கவில்லை.

கிட்டுசாமி மகளின் விரலை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தார். "எப்பவும் இல்லீங் மச்சான்," என்றார். "இருந்தப்பக் குடுக்கல. குடுக்கணும்னு நெனைக்கவும் இல்ல. இனியும் குடுக்க மாட்டேன்." கடன் வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி அவர் பேசிய முதல் உண்மை அதுதான் என்று பிற்பாடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

காளை வந்தது. வெண்பாவைத் தாண்டிப் போயிற்று, அவள் கன்னத்தில் செம்மண் தூசி மட்டும் படிந்தது. நேரே கிட்டுசாமியிடம் போய் நின்று, முதன்முறையாக அவரைப் பார்த்தது. குத்தவில்லை. திரும்பிப் பெட்டியை நோக்கி நடந்தது. அதோடு போயிருக்கும். மூக்கணாங்கயிறு அவர் கை ஓரமாக உரசிக்கொண்டு போயிற்று. காங்கேயம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் கையில் கயிறு பட்டால் பிடிப்பான். யோசித்துப் பிடிப்பதில்லை. கிட்டுசாமி பிடித்தார், பழக்கத்தில் மணிக்கட்டில் ஒரு சுற்றும் போட்டுக்கொண்டார். காளை ஓட ஆரம்பித்தது.

பன்னிரண்டு ஏக்கரையும் சுற்றியது. முதல் சுற்றில் செருப்பும் சட்டையும் போயின. சுண்ணாம்புக்கல் அரம் மாதிரி. இரண்டாம் சுற்றில் முதுகுத் தோல் போயிற்று, அதற்கு அப்புறம் சதை. கம்பிவேலியில் ஒரு காது நின்றது. விடுங்க மாப்ள, கயித்த விடுங்க என்று நஞ்சப்பன் வேலியைத் தாண்டிக் குதித்து பின்னாலேயே ஓடினார். இடுப்புப் பை கிழிந்து காலில் ஒழுகியது. கிட்டுசாமி விட நினைத்தும் இருக்கலாம். வெயிலுக்கும் மழைக்கும் போகாத பெயிண்டில் அவரே வரைந்த முறுக்கு, அவிழவில்லை. புஷ்பவல்லி மளிகைப் பையோடு வந்து இறங்கியபோது காளை பெட்டிக்குள் போயிருந்தது. அவர் புருசன் பெட்டியடியில் கிடந்தார். மணிக்கட்டில் கறுப்புப் பெயிண்ட் வளையம் மாதிரி ஒட்டியிருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே படிந்த மண்ணை ஹோஸ் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்தது, விவசாய விபத்து என்று எழுதியது. தகனத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். அடுப்பை மூட்டி, நேரம் கழித்துத் திறந்தபோது, உள்ளே முழங்கால் அளவு உப்புத் தண்ணீர் நின்றது. கிட்டுசாமி நனைந்து கிடந்தார், தலைமாட்டில் ஒரு சிப்பி. மறுபடி மூட்டினார்கள், மறுபடி தண்ணீர். தகனக்கூடம் நடத்துகிறவர் மன்னிப்புக் கேட்டு, சர்வீஸ் சார்ஜ் போக மீதியைத் திருப்பிக் கொடுத்தார். இவருக்கு நெருப்பு ஆகாது என்று புஷ்பவல்லி புரிந்துகொண்டார். ஊர் எல்லைக்கு வெளியே சொந்த நிலத்தில் புதைக்க அங்கே தடை இல்லை. காளைப் பெட்டியிலிருந்து கறிவேப்பிலை மரத்தை வேரோடு எடுக்கச் சொன்னார். எட்டுப் பேர் இழுத்தார்கள். வேர் பெட்டியின் உள் அச்சாகவே, ஒரு பெட்டி மாதிரியே வெளியே வந்தது. சாவுக்குப் பிறகு விறைத்த உடம்பு அதற்குள் இளகியிருந்தது. முழங்காலைத் தாடைக்கு மடக்கி, பழைய எலும்புகள் எப்படி இருந்தனவோ அப்படியே உட்கார வைத்தார்கள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தினார். கூரை மூடியைத் தூக்கி வைத்தார்கள்.

மூடி உட்காரவில்லை. உலை கொதிக்கிற சட்டி மூடி மாதிரி நான்கு விரல் மேலே எழும்பி ஆடியது. ஆறு பேர் ஏறி உட்கார்ந்தார்கள், ஆறு பேரோடும் சேர்ந்து ஆடியது. தாங்குகட்டை வைத்துக்கொண்டு வந்திருந்த ஜெபதாஸ், அவரு சொல்லிட்டாரு, வாங்க வேண்டியவரு இன்னும் சொல்லலியே என்றார்.

புருசன் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். எந்தப் பகை இருந்தாலும் வர வேண்டும், அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். நஞ்சப்பன் கொண்டுவந்திருந்தார். இரண்டு கையிலும் ஏந்தியபடி காலையிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கமே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். யாரும் வா என்று சொல்லவில்லை, அவரும் வரவில்லை. வெயில் ஏறிற்று. புஷ்பவல்லிதான் எழுந்து வேலி வரை நடந்தார். நஞ்சப்பன் சேலையைத் தோளில் போர்த்தக் கையைத் தூக்கினார். புஷ்பவல்லி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அப்பறம் போடுங்ணா. மொதல்ல எங்கூட வாங். வந்து அவருகிட்டச் சொல்லுங்."

"என்னன்னு சொல்றது புஷ்பா?"

"எம்புள்ளையப் பக்கத்துல நிக்க வெச்சுக் கேட்டீங்கல்ல. எவ்வளவுக்குக் கேட்டீங்களோ, அந்தக் கணக்கு தீந்துச்சுன்னு சொல்லுங்."

நஞ்சப்பன் வந்தார். வெண்பா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். மாமன் முகத்தை அவள் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்தாள். அவர் ஆடுகிற மூடியின் மேல் அந்தக் கையை வைத்தார். கை சேர்ந்து ஆடியது.

"மாப்ள. நாப்பத்தோராயிரத்து அறுநூறு டாலர். வந்து சேந்துருச்சுங்." கையை எடுக்கவில்லை. "வாங்க வேண்டியதுக்கு மேலயே வாங்கிட்டேனுங்."

மூடி இறங்கியது. ஓட்டின்மேல் ஓடு அமர்கிற சத்தம், அதற்குப் பிறகு அசைவில்லை. நஞ்சப்பன் தங்கைக்குக் கோடியைப் போர்த்தினார். புஷ்பவல்லி தடுக்கவில்லை. பெட்டியைச் சரிவுப் பாதையில் கயிறு கட்டி இறக்கினார்கள். முதல் கயிற்றை நஞ்சப்பன் பிடித்தார், காயத்துக்குத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி. இறக்கும்போது வெண்பா போனில் ஒரு படம் எடுத்தாள். அதில் கடல் விழவில்லை. காளை நான்கு காலையும் மடக்கிப் படுத்திருந்தது, உடம்பில் ஈட்டி இல்லை. எதிரே நின்ற ஆளுக்கு முகம் வந்திருந்தது. கயிற்று நுனி அவன் கையில் தளர்ந்து கிடந்தது. உள்ளறையில் வேட்டி மூட்டைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக் கல்லை மூடினார்கள். வந்தவர்களுக்கு டிரெய்லர் வாசலில் டீ கொடுத்தார்கள்.

வேரோடு எடுத்த மரத்தைப் புஷ்பவல்லி கல்வாசலுக்கு மேலேயே தரையில் நட்டார். டெக்சஸ் குளிரில் தரையில் வைத்த கறிவேப்பிலை நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த பனியில் மேடு முழுக்க வெள்ளையாயிற்று, மரத்தைச் சுற்றி மட்டும் விழவில்லை. இப்போது அதன் நிழலில் இரண்டு கார் நிற்கும். கட்டு இரண்டு டாலர். புஷ்பவல்லி கொடுத்தால் தாராளமாகவும், வெண்பா கொடுத்தால் அளவாகவும் இருக்கும். மாதம் பிறந்தால் முதல் சனிக்கிழமை நஞ்சப்பன் வருவார், வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வருவார், ஒரு கட்டு வாங்குவார். அண்ணனிடம் காசு வாங்கக் கூடாது என்று புஷ்பவல்லி ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்பதில்லை. இரண்டு டாலரையும் வெண்பா கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.